லிஃப்டில் கேட்ட பாதிக் கதை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் வணக்கத்தோடு எழுதுவது. எனக்கு இங்கே ஜலதோஷம்கூட இல்லை. அப்பாவின் முழங்கால் வலி தேவலையா?

படிக்கும்போது விடுமுறை தானாக வந்துவிடும். வேலையில் அப்படியில்லை, எல்லோரும் ஊருக்குப் போக, புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் ஆபீசைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நேற்று எங்கள் மாடியில் நான் மட்டும்தான். பதறாமல் படிம்மா: சாப்பாட்டு டப்பாவோடு கீழே இறங்கும்போது லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. விளக்கு எரிந்தது, காற்றும் வந்தது. மணியை அழுத்தியதும் வாசலில் காவலுக்கு இருக்கும் அக்கா ஓடிவந்தார்.

"யாரும்மா உள்ள? லீவு நாள்ல உனக்கென்ன வேலை?"

"புதுசா சேர்ந்தவங்களுக்கு லீவு இல்லக்கா."

"நான் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சு. இன்னும் புதுசுதான் போல!"

கதவுக்கு இரண்டு பக்கமும் சிரித்தோம். மெக்கானிக் வரும்வரை, தன் மகளைப் பெண் பார்க்க வந்த கதையை அக்கா சொன்னார். பாதியிலேயே கதவு திறந்துவிட்டது. "அப்புறம் என்னாச்சுக்கா?" என்று கேட்டுக்கொண்டே நான் வெளியே வர, மெக்கானிக் ஒரு மாதிரி பார்த்தார். மீதியைப் படிக்கட்டில் உட்கார்ந்து, என் டப்பாவைப் பங்கு போட்டுக்கொண்டு கேட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

என் பழைய போர்வையை அனுப்பி வை. அப்புறம், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்காரும்போது எனக்கு போன் போட்டுப் பக்கத்தில் வைத்துவிடு. யாரும் பேச வேண்டாம். தம்பி உன்னோடு மல்லுக்கட்டுகிற சத்தம் கேட்டால் போதும்.

ஆபீஸ் மேஜை போன் அடிக்கிறது. எடுக்க இன்றும் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

உன் மகள்