நல்ல பேன்

மார்ச் 4

அன்புள்ள வாலுக்கு,

சுகம்தானே? வேலைக்குப் போன பிறகு எங்கள் நினைப்பே இல்லை போலிருக்கிறது. போகட்டும், நானே எழுதுகிறேன்.

பசுமைக்குடிலில் வெள்ளரிக்குச் சிலந்திப்பேன் வந்துவிட்டது. இலைக்கு அடியில் நூலாம்படை, மேலே ஊசியால் குத்தியதுபோல் மஞ்சள் புள்ளிகள். உன் அத்தானுக்கோ நுரையீரல் கெட்டிருக்கிறது, இனி மருந்தடிக்கும் பம்பைத் தொடவே கூடாது என்கிறார் டாக்டர். இவர் கேட்கிற ஆளா? "பயிர் போச்சுன்னா நான் இருந்து என்ன பண்ண?" என்கிறார்.

பேனைத் தின்கிற பேனை உங்கள் ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பதாகச் சொன்னாயே, நிஜமா? இல்லை, என்னைக் கேலி செய்தாயா?

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நிஜம்தான். புட்டி அனுப்பியிருக்கிறேன். மரத்தூளுக்குள் செம்மஞ்சளாக ஓடுவதுதான் நல்ல பேன். நூலாம்படை கட்டிய இலைகளில் தூவு. நடைபாதையில் தண்ணீர் தெளித்து வை, அதற்கு ஈரம் வேண்டும். முதலில் கெட்ட பேன் கூடுவதுபோலத்தான் தெரியும். நல்லது முட்டையிட்டுப் பெருக வேண்டாமா? பொறுத்துக்கொள்.

மருந்து மட்டும் கூடவே கூடாது. அடித்தால் நல்ல பேன்தான் முதலில் சாகும். அத்தானிடம் நான் கெஞ்சியதாகச் சொல்.

உன் வாலு

மார்ச் 20

அன்புள்ள வாலுக்கு,

தூவினோம். உன் அத்தான் பூதக்கண்ணாடியும் கையுமாகத் திரிகிறார். "ஏய், இங்க வா! ஒண்ணு இன்னொண்ணைப் பிடிச்சிருச்சு. உன் தங்கச்சி கெட்டிக்காரிதான்!" என்று சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று!

ஆனால் வாசல் பக்கத்து வரிசைகள் காய்ந்துவிட்டன. அதைப் பார்த்துவிட்டு வந்தால் சாப்பாட்டில் கை வைப்பதில்லை. இன்னும் எவ்வளவு பொறுப்பது?

உன் அக்கா

மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

இன்னும் கொஞ்சம்தான். காய்ந்த இலைகளைப் பார்க்க வேண்டாம், புதுத் துளிரைப் பார்க்கச் சொல். பம்பை யாருக்காவது கொடுத்துவிடு. அத்தான் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீ?

உன் வாலு

ஏப்ரல் 22

தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. துக்க வீட்டில் எல்லார் முன்னாலும் உன் கையை உதறியிருக்கக் கூடாது. ஏன் என்று கேட்டிருக்கிறாய். சொல்லிவிடுகிறேன்.

நான் சந்தைக்குப் போயிருந்தேன். உன் அத்தான் பக்கத்துத் தோட்டத்தில் பம்பு இரவல் வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு மருந்தடித்திருக்கிறார். நான் வந்தபோது வரிசைகளுக்கு நடுவே கிடந்தார். முகத்தில் ஒரு துணிகூடக் கட்டவில்லை. "உனக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போகலாம்னுதான்..." என்றார். அதற்கு மேல் மூச்சு வரவில்லை.

நேற்றுதான் உள்ளே போனேன். அவரால் போய்ச் சேர முடியாத கடைசி வரிசையில் மருந்து படவில்லை. அங்கே கொடி துளிர்த்துப் பூவும் வைத்திருக்கிறது. இலையைப் புரட்டினேன். உன் பேன்கள்தான் ஓடுகின்றன. கெட்டது ஒன்றைக்கூடக் காணோம்.

நீ சொன்னது சரி. தப்பாக இருந்திருந்தால் உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டு ஒருநாள் மன்னித்திருப்பேன். இப்போது யாரைத் திட்ட? உன்னைப் பார்த்தால் எனக்கு அவர் மேல் கோபம் வருகிறது. அவர் மேல் கோபப்பட்டுக்கொண்டு இந்த வீட்டில் என்னால் இருக்க முடியாது.

அதனால் நீ வர வேண்டாம். எழுதவும் வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா