முன்னுக்கு வந்த பிள்ளை

என் அருமை அக்காவுக்கு,

நீ இருந்திருந்தால் இன்று காலை கோட்டை ரோடே அதிரும்படி சிரித்திருப்பாய். காலையில் நடப்பதற்கென்று வாங்கிய புது ஷூவின் கயிறு அவிழ்ந்துகிடந்தது. கட்டலாமென்று குனிந்தேன். பேன்ட் பின்பக்கம் டர்ரென்று கிழிந்துவிட்டது. டியூஷன் பிள்ளைகள் எதிரே சைக்கிளில் வருகிறார்கள். உன் மருமகள், என் பெண் பவி சட்டென்று தன் துப்பட்டாவை எடுத்து என் இடுப்பில் கட்டினாள்.

"அப்டியே நட நைனா. திரும்பிப் பாக்காத. கோயிலுக்கு வேண்டிக்கினு போறன்னு நெனச்சுப்பாங்க."

ரோஸ் கலர் துப்பட்டாவோடு நடந்தேன். வீடு வரைக்கும் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. இன்னொரு பேன்ட் கிழிந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

நீ கண்ணை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. உனக்குத் தெரியாமல் என்னென்னவோ நடந்துவிட்டது.

பவி சின்னதிலிருந்தே பூசினாற்போல் இருப்பாள் என்பது உனக்குத் தெரியும். என் பேக்கரியில் மிஞ்சும் க்ரீம் பன்னும் பப்ஸும் தினமும் வீட்டுக்கு வரும். அவள் சாப்பிடுவதைப் பார்த்தால்தான் எனக்கு அன்றைய வேலை முடிந்த மாதிரி இருக்கும். நாலாவது படிக்கும்போதே வயதுக்கு வந்தாள். நான் மண்டபம் பிடித்து, வாசல் மறைய பேனர் கட்டினேன். பட்டுப்புடவையில் உட்கார்ந்துகொண்டு, "எப்ப வெளையாடப் போலாம்?" என்று எல்லோரையும் கேட்டாள். அவளுக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து நீ என் காதில் சொன்னாய்.

"டேய் குமாரு, இது பச்சப் புள்ளடா. ஊரக் கூட்டாதன்னா கேட்டியா? இவ்ளோ சீக்கிரம் ஏன்னு ஒரு டாக்டராண்ட காட்டு."

"சத்தான ஒடம்புக்கா, அதான்" என்றேன். என்ன ஒரு பெருமை எனக்கு!

அப்போது வகுப்பிலேயே உயரம் அவள்தான். பிரேயரில் உயரவாரியாக நிற்கும்போது கடைசி ஆள். குண்டாக இருந்தால் என்ன, வளர வளர இழுத்துக்கொண்டு சரியாகிவிடும் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னேன். எங்கே படித்தேன் என்று கேட்காதே. பத்தாவதை இரண்டு தடவை எழுதியவனுக்கு அவ்வளவுதான் அறிவு.

ஆறாவதுக்கு அப்புறம் அவள் உயரம் அதிகம் ஏறவே இல்லை. மற்ற பிள்ளைகள் வளர்ந்தார்கள். வருடா வருடம் வரிசையில் அவள் இடம் முன்னால் நகர்ந்தது. ஒன்பதாவதில் முன்னாலிருந்து இரண்டாவது. கடையில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மெதுவாக அதை என்னிடம் சொன்னாள். என் வாய் சும்மா இருக்குமா?

"பரவால்லியே, நம்ம வீட்ல ஒருத்தியாவது முன்னுக்கு வந்துட்டா!"

கடையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வயிற்றுவலி என்றாள். மறுநாள் தலைவலி. பதினேழு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. கண்ணாடியைத் துண்டு போட்டு மூடினாள். எங்கள் முன்னால் சாப்பிட மாட்டாள். கட்டிலுக்கு அடியில் காலி பன் பாக்கெட்டுகள் கிடந்தன. என் வீட்டுக்காரி செல்வி ஏனென்று கேட்டதற்கு, "நான் எதுக்கும்மா இருக்கணும்?" என்றாளாம். பதினாலு வயதுப் பிள்ளை சொல்கிற வார்த்தையா அக்கா அது? கடையைப் பாதியில் சாத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்கள். "எடை கூடின பெண் பிள்ளைங்க சிலருக்குப் பருவம் சீக்கிரம் வந்துடும். முதல்ல மத்தவங்களவிட உயரமாத் தெரிவாங்க. எலும்புல வளர்ற இடம் சீக்கிரமா மூடிக்கிட்டா வளர்த்தியும் சீக்கிரம் நின்னுடும்."

"இழுத்துக்காதா மேடம்?"

"புள்ள என்ன ரப்பரா சார்? உயரத்த விடுங்க, மனச முதல்ல பாக்கணும். கேலி பண்ணா உடம்பு குறையாது. புள்ளதான் குறையும்."

மனநல டாக்டரைப் பார்க்க விழுப்புரத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவளுக்கு மட்டும் தனிச் சாப்பாடு கூடாது, வீடே மாற வேண்டும், தினம் தினம் எடை பார்க்கக் கூடாது என்றார்கள். இப்போது மிஞ்சின பன் வீட்டுக்கு வருவதில்லை. மூன்று பேருக்கும் ஒரே சாப்பாடு. சர்க்கரை இல்லாத டீயை முகம் சுளிக்காமல் குடிக்க இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

பவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "கடையிலதான சிரிச்சாங்க, அங்க சொல்லு" என்றாள். அதே நாலு பேர் முன்னால் சொன்னேன். கையிலிருந்த டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அவளாகவே பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பினாள். விழுப்புரத்துக்கு மாதம் ஒரு தடவை போய்வருகிறோம். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு என்னோடு சண்டை போடுகிறாள்.

உயரம் கூடவில்லை. எடை எவ்வளவென்று நான் கேட்பதில்லை. ஆனால் கண்ணாடி மேல் இருந்த துண்டைக் காணோம். அரையாண்டு லீவில் ராஜகிரி மலைக்கோட்டை உச்சி வரைக்கும் ஏறலாம் என்கிறாள். எனக்குப் பாதி வழியிலேயே மூச்சு நின்றுவிடும் என்றால், "நின்னு நின்னு ஏறு நைனா, மலை எங்க ஓடிடப் போவுது?" என்கிறாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி என் வீட்டிலோ கடையிலோ எந்தப் பிள்ளையையும் உடம்பை வைத்துப் பட்டப்பேர் சொல்லிக் கூப்பிட விடமாட்டேன். நான் மறந்தாலும் பவி விடமாட்டாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நாங்கள் கிளம்ப எழுந்திருக்கும்போது டாக்டரம்மா ஒன்று கேட்டார்கள். "உங்க குடும்பத்துல வேற யாராவது இப்படிப் பள்ளிக்கூடம் போகாம நின்னாங்களா?" சுவரில் மாட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்துக்கொண்டே, "இல்ல மேடம்" என்றேன்.

வாய்வரைக்கும் வந்து சொல்லாமல் விட்டது இதுதான்: எங்க அக்கா எட்டாவதோட நின்னுட்டாங்க மேடம். படிப்பு ஏறலன்னு வீட்ல சொல்லிக்கினோம். பள்ளிக்கூடம் பூரா அவங்களப் பூசணின்னு கூப்பிட்டுச்சு. அந்தப் பேர வச்சவன் நான்.

உன் கூடப் பிறந்தவன்,
குமார்