கழுவாத நட்சத்திரம்

இன்று காலை எம்பிராய்டரி மெஷின்மேல் போட்டிருந்த உறையை விலக்கி, வளையத்துக்குள் இருக்கும் தாளில் விரல் வைத்தேன். ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் கரையும் தாள் அல்லவா, மட்டாஞ்சேரியின் ஈரக் காற்றே அதற்குப் போதும். மழைக்காலம் முழுக்கத் தாக்குப்பிடித்தது, இனிமேல் தாங்காது என்று தெரிந்துவிட்டது. கையைக் கழுவிவிட்டு வந்தேன். மறுபடி போய்த் தொட்டேன், மறுபடி கழுவினேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

நான் இந்த வீட்டுக்கு உன் மன்னியாக வந்தபோது, மன்னியும் நாத்தனாரும் எத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசுவார்கள் பார்க்கலாம் என்று உறவில் எல்லோரும் காத்திருந்தார்கள். அவர்களை நாம் நன்றாகவே ஏமாற்றினோம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நீ இந்த மெஷினை வாங்கி முன்னறையில் வைத்தாய். ரவிக்கைக்குப் பூ போடப் போகிறாய் என்று நினைத்தேன். நீயோ கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் லேஸ் நட்சத்திரம் என்றாய். துணியே கிடையாதாம். தாளின்மேல் நூலை மட்டும் வலையாகத் தைத்து, பிறகு தாளைத் தண்ணீரில் கரைத்துவிட்டால் நூல் நட்சத்திரமாக நிற்குமாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. முதலில் நாம் செய்த தேவதையை யூதத் தெருவில் கிறிஸ்துமஸ் அலங்காரம் விற்கும் கடைக்காரரிடம் காட்டியபோது, அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கருடனல்லே சேச்சி?" என்றார். வழியெல்லாம் நீ சிரித்துக்கொண்டே வந்தாய். எனக்குத்தான் மானம் போயிற்று.

மெஷின் ஓடும்போது நீ முக்காலியில் உட்கார்ந்து ஊசியையே பார்த்துக்கொண்டிருப்பாய். எனக்கு அந்தப் பொறுமை ஏது? நூல் அறுந்துவிடுமோ, தாள் கிழிந்துவிடுமோ என்று அடுக்களைக்கும் முன்னறைக்குமாக அலைவேன். "ஓடறது மெஷினாக்கும் மன்னி. நீங்க எதுக்கு ஓடறேள்? செத்த இரிங்கோ" என்பாய். ஒரு நட்சத்திரத்துக்காவது நான் முழுசாக உட்கார்ந்ததில்லை.

ஜூன் மழையில் ஒரு பிற்பகல், அடியில் இருக்கும் பாபினில் நூல் தீர்ந்து மெஷின் கூவியது. நட்சத்திரத்தின் ஐந்து கைகள் முடிந்திருந்தன, ஆறாவது பாக்கி. நூல் மாற்ற எழுந்த நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாய். ஆட்டோவில் ஏறும்போதும் உனக்கு அதே நினைப்பு. "அதை ஒண்ணும் பண்ணாதேங்கோ, நான் வந்து பாத்துக்கறேன்" என்றாய். ஆஸ்பத்திரியிலிருந்து நீ வரவில்லை.

உன் அண்ணா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். வளையத்தைக் கழற்றினால் திரும்ப அதே இடத்தில் பொருத்த முடியாது, கொஞ்சம் நகர்ந்தாலும் கை ஒரு பக்கம் நட்சத்திரம் ஒரு பக்கம் ஆகிவிடும் என்று அவருக்கும் தெரியும். அதனால் கழற்றவும் விடவில்லை, தைக்கவும் விடவில்லை. ஈரத்தை உறிஞ்சட்டும் என்று ஒரு துணியில் அரிசி முடிந்து மெஷின் பக்கத்தில் வைத்தார். அதில் வண்டு வந்தது. புது அரிசி முடிந்து வைத்தார். வீட்டில் இருக்கிற அரிசியெல்லாம் இப்படிப் போகிறதே என்று எரிச்சலாக வந்தது, ஆனாலும் அவர் கேட்டபோதெல்லாம் நானே அளந்து கொடுத்தேன்.

நவம்பர் பிறந்ததும் கடைக்காரர் போன் மேல் போன். "சேச்சி, நம்மட ஸ்டார் எவிடெ?" உன் அண்ணாவிடம் சொன்னேன்.

"இந்த வருஷம் நமக்குப் பண்டிகை இல்லை, கேட்டயா" என்றார்.

துக்கம் நடந்த வீடு, தீபாவளிக்கு ஒரு துண்டு இனிப்புகூட வாங்கவில்லை, அது சரிதான். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. "கிறிஸ்துமஸ் என்னிக்கு நம்ம பண்டிகையா இருந்தது?" என்று கேட்டுவிட்டேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கடைக்காரருக்கு வேறு ஆள் கிடைப்பார், அது பெரிய விஷயமில்லை. மெஷின் சத்தம் இல்லாத அந்த முன்னறையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்று அவரைக் கூப்பிட்டுத் தாளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டார். விரலில் பசை வந்தது.

"இன்னும் ரெண்டு நாள்ல இது தானே கரைஞ்சு நூலெல்லாம் தொங்கிடும். அதுக்கு முன்னாடி தச்சுடட்டுமா?" என்றேன்.

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "செய்" என்றார்.

பாபினில் நூல் சுற்றிப் போட்டு ஸ்விட்சைத் தட்டினேன். விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று மெஷின் திரையில் கேட்டது. பச்சைப் பொத்தானை அழுத்தினேன். தாள் தொய்ந்துபோயிருந்ததால் ஆறாவது கை கொஞ்சம் சாய்ந்து விழுந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுத் தாள் கரைந்தபோது அந்தக் கை நாலைந்து இழையில் தொங்கியது. ஊசியில் நூல் கோத்துக் கையாலேயே சேர்த்துத் தைத்தேன். நீ தைத்த ஐந்தும் லேசாக மஞ்சளித்திருந்தன, ஆறாவது மட்டும் பளிச்சென்று இருந்தது. உன் அண்ணா ஈரத்தோடு அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்.

"இனி இதில் ஒண்ணும் பாக்கி இல்லையா?"

"இல்லை" என்றேன்.

அவர் அழுதார். உன்னைக் கொண்டுபோன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

அந்த நட்சத்திரம் வளையத்தில் இருந்தவரை நீ நூல் மாற்ற எழுந்து போனவள்தான். திரும்பி வந்து முடிக்க உனக்கு ஒரு வேலை இருந்தது. அதையும் நான் முடித்துவிட்டேன்.

இப்போது புதுத் தாள் மாட்டி, கடைக்காரருக்கான முதல் நட்சத்திரத்தை ஓட விட்டிருக்கிறேன். வீட்டில் சத்தம் வந்துவிட்டது. சத்தம் வந்தால் நீயும் வந்துவிடுவாய் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. இதை எழுதுவதற்குள் எத்தனையோ தடவை எழுந்து போய் முன்னறையை எட்டிப் பார்த்துவிட்டேன்.