ரோனாவுக்கு நான் போட்ட ஓட்டு

ஃபார்ஃபர், ஸ்காட்லாந்து,
ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் நடுவில்

அன்பு மகள் இஷ்பெல்லுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சுகம். உலகின் மறுகோடியில், வெலிங்டனில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி மேரனும் எங்களைவிட ஒரு படி கூடுதல் சுகமாகவே இருக்க வேண்டும். என் கடிதங்கள் எங்கோ தொடங்கி எங்கோ போய் முடிகின்றன என்று நீ குறை சொன்னதால், எழுதப் போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. எங்கள் உடம்பும் வீடும்.
2. வியாழக்கிழமை நம் கட்சிக் கிளைக் கூட்டத்தில் நடந்தது.
3. கூட்டத் தலைவன் என்ற முறையில் நான் போட்ட ஓட்டு, விதிப்படி போட்டே தீரவேண்டிய ஓட்டு என்பதற்கு விளக்கம்.
4. ரோனாவின் எதிர்காலம் பற்றி என் சொந்த எண்ணம் (இதை யாரிடமும் சொல்லாதே).
5. அம்மா கேட்கச் சொன்னது.

முதலாவது சுருக்கமானது. என் முழங்கால் பழையபடிதான். அம்மாவுக்கு இருமல் விட்டது, ஆனால் அதை விட்டதாக ஒப்புக்கொண்டால் நான் தோட்டத்து இலைகளை அள்ளச் சொல்வேன் என்று இன்னும் கொஞ்சம் இருமுகிறாள். பின்கதவு மழையில் ஊதிப்போய் மூட வரவில்லை. தச்சர் வருகிறேன் என்கிறார், அதையேதான் செப்டம்பரிலும் சொன்னார்.

இரண்டாவதுக்கு வருகிறேன். அங்கே நம் ஊர்ச் செய்தி எவ்வளவு வருகிறது என்று தெரியாததால் நீ அறிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். இந்தச் சட்டசபையின் காலம் முடிவதற்குள் ஸ்காட்லாந்து மக்கள் சுதந்திரத்துக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று முதலமைச்சர் ரோனா வாக்குக் கொடுத்தாரே, காலம் வசந்தத்தோடு முடிகிறது, லண்டன் அனுமதி தரவில்லை, தரப்போவதாகவும் தெரியவில்லை. இடையில் இரண்டு இடைத்தேர்தல்களிலும் தோற்றாயிற்று. பத்திரிகைகள் அவர் எப்போது போவார் என்பதைத் தவிர வேறு எதையும் எழுதுவதில்லை, நம் எதிரிகள் எழுதினால் பரவாயில்லை, நம்மவர்களே அல்லவா எழுதுகிறார்கள். இந்த நிலையில்தான் வுல் பெட்ரி, கட்சியின் வசந்த மாநாட்டுக்கு முன்னால் ரோனா பதவி விலக வேண்டும் என்று நம் கிளை கேட்டுக்கொள்ளும் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவந்தான். வுல்லை உனக்குத் தெரியும், பேருந்து ஓட்டிய காலத்தில் நீ பள்ளிக்குப் பிந்தினால் உனக்காக நிறுத்தத்தில் காத்திருப்பானே, அவன்தான். என்னைக் கட்சியில் சேர்த்துவிட்டவனும் அவன்தான்.

பவுலிங் கிளப் மாடியில் கூட்டம். நாற்காலிகள் போதாமல் ஜன்னல் விளிம்பிலும் உட்கார்ந்திருந்தார்கள். வுல் எழுந்து, "நான் முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன். போர்டுல ஒரு ஊர் பேர் போட்டுட்டு வண்டிய டிப்போவுக்குள்ளயே நிறுத்தி வச்சா சனங்க இறங்கித்தான் போவாங்க. ரோனா நல்ல பொம்பளதான், யாரு இல்லேன்னா? ஆனா வண்டி நகரல" என்றான். ரொட்டிக்கடை ஐனா கார்கில், அவள்தான் நம் கிளைச் செயலாளர், விடுவாளா? "வண்டி நகராததுக்கு டிரைவரா காரணம்? சாவி லண்டன்ல இருக்கு! இவங்கள இறக்கிட்டு யாரைய்யா ஏத்தப் போற, உன்னையா?" என்று கேட்டாள். வுல் உடனே, "ஏத்தினா டைமுக்காவது போய்ச் சேருவோம்" என்றான். சிரிப்பு அடங்கியதும் ஐனா இன்னொன்றையும் எடுத்தாள்: இம்மாதக் கடைசியில் வரும் நம் நாட்டுப் புனிதர் அந்திரேயா திருநாள் விருந்தின் பரிசுக் குலுக்கலுக்காக ரோனா கையெழுத்திட்ட விஸ்கி பாட்டில் வந்து சேர்ந்துவிட்டது, "அந்தம்மாவப் போன்னு சொல்லிட்டு அவங்க பாட்டில வச்சு சீட்டு விப்பீங்களா, வெக்கமா இல்ல?" என்றாள். அதற்கு வுல், "போயிட்டாங்கன்னா பாட்டிலுக்கு மவுசு ஏறும், ஐனா" என்றான். பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் சிரிக்கவில்லை, அந்தப் பாதிதான் ஓட்டிலும் தெரிந்தது. கைகளை எண்ணினார்கள். சரிசமம். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிற்று.

வேறு யாரும் ஏற்காததால் அல்லவா நான் அந்த நாற்காலியில் இருக்கிறேன். மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றே வயதானவன் நான். எல்லாக் கட்சிக்காரருக்கும் தலைவலி வரும், ஆகவே கடையில் எந்தக் கட்சி பற்றியும் வாய் திறக்காதவன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், அது சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு எழுந்து, ஓட்டு சமமானால் தலைவர் உள்ள நிலைமையை மாற்றாத பக்கம் தன் ஓட்டைப் போட வேண்டும், அதுதான் விதி, ஆகவே தீர்மானம் தோற்றது என்றேன். குரல் நடுங்கியது. ஐனாவின் பக்கம் கை தட்டினார்கள். வுல் தட்டவும் இல்லை, ஏசவும் இல்லை. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கதவருகில் நின்று, "விதி சொன்னது கேட்டுச்சு, மருந்துக்காரரே. நீ என்ன சொல்ற?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போனான்.

நேற்று சனிக்கிழமை, கடைத்தெருவில் எங்கள் பிரசார மேசை. கொடியும் துண்டறிக்கையும் வைக்கும் அந்தப் பழைய மேசையை ஒரு முனை வுல்லும் மறுமுனை நானுமாகத்தான் எத்தனையோ வருஷமாகத் தூக்கிப் போயிருக்கிறோம். ஒன்பதரை வரை பார்த்தேன், வரவில்லை. ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன், கல் பாவிய தெருவில் அது போட்ட சத்தத்தில் ஊரே திரும்பிப் பார்த்தது. ஐனா ஒரு பிரைடியைச் சூடாகக் கொண்டுவந்து கையில் வைத்தாள். இறைச்சி வைத்த அந்தப் பண்டம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும், பாதிதான் சாப்பிட்டேன்.

மூன்றாவது. நான் செய்ததில் என் விருப்பு வெறுப்பு எதுவும் இல்லை, விதி என்னை அந்த இடத்தில் நிறுத்தியது, நான் நின்றேன். இதை வுல் புரிந்துகொள்ளாவிட்டாலும் நீ புரிந்துகொள்வாய் என்று நினைக்கிறேன். நீ ஆதாரம் கேட்பவள், ஆகவே விதியின் வாசகத்தை ஐனாவிடம் கேட்டு அப்படியே இங்கே எழுதிவிடுகிறேன்.

அதற்கு முன் நான்காவதை முடித்துவிடலாம். ரோனா ஒருமுறை நம் தெருவில் மழையோடு மழையாக வீடு வீடாக வந்தார். நம் வாசலில் நின்று அம்மாவின் முதுகுவலி பற்றிக் கேட்டார், அவசரமில்லாமல் கேட்டார். அதை நான் மறக்கவில்லை. நாடு கேட்பவர்கள் ஒரு முகத்தை நம்பித்தான் தொடங்குகிறோம், அது குற்றமில்லை. ஆனால் நேரம் குறித்து வாக்குக் கொடுத்தவர் அந்த நேரம் தாண்டியும் அதே இடத்தில் இருந்தால், அடுத்த முறை யார் நேரம் குறித்தாலும், நாங்கள் ஓட்டுக் கேட்டுப் போகும் வீடுகளில் கதவு திறக்கிறவர்கள் சிரிப்பார்கள். லண்டன் மறுத்தது அவர் தப்பில்லை. லண்டன் மறுக்காது என்று எங்களை நம்பவைத்தது அவர். இன்னொருவர் வந்தால் சாவி கிடைத்துவிடும் என்றும் நான் எண்ணவில்லை. அப்படியும் ரோனா போக வேண்டும், யாரும் தள்ளாமல், மாநாட்டு மேடையில் தானே சொல்லிவிட்டு, மரியாதையோடு. அவர் போனால் சுதந்திரம் என்ற எண்ணமும் கூடவே போய்விடுமோ என்றுதான் பயப்படுகிறோம். போகாது என்று நம்புகிறேன், நான் பல விஷயங்களில் தவறியிருக்கிறேன், ஆனாலும் நம்புகிறேன். இதைப் படித்துக் காட்டியதும் அம்மா பின்னலை மடியில் வைத்துவிட்டு, "அப்ப நீங்க வுல் பக்கம்தானே? பின்ன எதுக்கு அந்தப் பக்கம் ஓட்டுப் போட்டீங்க?" என்று கேட்டாள். விதி என்றேன். "எந்த விதி?" என்றாள்.

ஐனாவுக்குப் போன் செய்தேன். கிளையின் விதிகளை எழுதியவளே அவள்தான். விதியின் வாசகத்தைக் கேட்டேன். "அப்படி ஒண்ணும் கிடையாதே, மர்டோ. சமமா வந்தா தலைவர் ஓட்டுப் போடலாம், அவ்வளவுதான். நீங்க எந்திரிச்சு விதின்னதும் எனக்கே ஆச்சரியமாப் போச்சு. நம்ம பக்கம் ஜெயிக்குதேன்னு வாய மூடிக்கிட்டேன்" என்றாள். அப்படியானால் நான் இதை எங்கே பிடித்தேன் என்று கேட்டேன். "லண்டன் பார்லிமென்ட்ல சபாநாயகர் செய்யுறது அது! நீங்கதான் ராத்திரி பூரா ரேடியோல அத வச்சுக் கேப்பீங்களே!" என்றாள்.

இஷ்பெல், கோட்டை மாட்டிக்கொண்டு வுல் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசல்வரை வந்து நான் திரும்பிவிடாமல் பார்த்துக்கொண்டாள். வுல் கதவைப் பாதி திறந்தபடி நின்று காதுகொடுத்தான். முழுவதும் சொன்னேன், நான்காவதையும் சொன்னேன். அவன் முகம் கோணிற்று, திட்டப் போகிறான் என்று நினைத்தேன், சிரித்துச் சிரித்து இருமல் வந்து கதவைப் பிடித்துக்கொண்டான். "அடப்பாவி! லண்டன்காரன் வழக்கத்த வச்சு நம்ம ரோனாவ காப்பாத்திட்டியே! சுதந்திரம் வாங்கித் தர்ற மூஞ்சியப் பாரு!" என்றான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மேசைக்கு வர்றேன். ஆனா எங்கிட்ட மட்டும் சொன்னா ஆகாது. அடுத்த கூட்டத்துல எல்லாரு முன்னாடியும் சொல்லு" என்றான். சரி என்றேன். சொல்லிவிட்டேன், இனி பின்வாங்க முடியாது. தோற்ற தீர்மானம் தோற்றதுதான், ஐனாவின் பிரைடியும் இனி கிடைக்காது.

ஐந்தாவது: மேரனின் பாதத்தை ஒரு தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு, காலுறை பின்ன அம்மாவுக்கு அளவு வேண்டும். மறந்துவிடாதே, இரண்டாம் முறை கேட்கிறாள். நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல், மனதில் இருப்பதை வாயால் சொல்லும் தைரியத்தோடு நெடுநாள் வாழ எங்கள் இருவர் ஆசியும். கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டியதை உன்னிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், இங்கேயே குரல் நடுங்கினால் அங்கே கொஞ்சம் குறையும். மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. விதி எதுவும் சொல்லவில்லை. ரோனா போக வேண்டும் என்பது என் எண்ணம், அதற்கு நேர்மாறாக ஓட்டுப் போட்டது நான்தான்.

உன் அப்பா,
மர்டோ கெட்டிஸ்