நீள லென்ஸ் வேண்டாம், மச்சான்

786

அண்ணாமலை நகர்,
16-10-63.

மரியாதைக்குரிய மச்சான் அப்துல் முத்தலிப் அவர்களுக்கு, நூர்முகம்மது ஸலாம் சொல்லி எழுதுவது. கடலூரில் அக்கா சுகம். இங்கே நானும், ஹாஸ்டலில் உங்கள் மகன் ஹபிபுல்லாவும் சுகம். பினாங்கில் தங்கள் உடம்புக்கும் கடைக்கும் எந்தக் குறையும் வராமலிருக்க துஆ செய்கிறோம்.

மரியாதை இத்துடன் முடிந்தது. இனி காமிரா விஷயம்.

ஒரே கேள்விக்கு மூன்றாவது முறையாகப் பதில் எழுதுகிறேன். ஜில்லா டேபிள் டென்னிஸ் போட்டியில் ஹபிபுல்லா ஆடுவதைப் படம் எடுத்து அனுப்பு, காமிராவுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன் என்றீர்கள். சரி என்றேன். எது வேண்டும் என்று எழுதினேன், படமும் வரைந்து அனுப்பினேன். நீங்கள் என்னடாவென்றால், "முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் பார்த்து வைத்திருக்கிறேன், அரை மைலில் நிற்கும் கப்பலின் பெயரைப் படிக்கலாமாம்" என்று எழுதுகிறீர்கள். கப்பலின் பெயரை நான் ஏன் படிக்க வேண்டும்? விற்காமல் தேங்கியதைக் கடைக்காரன் உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறான்.

லென்ஸின் நீளத்தைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள். அந்த முழங்கையின் வளையத்தில் 5.6 என்று பொறித்திருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேண்டியது 2. எண் குறைந்தால் வாய் பெரிது, வெளிச்சம் ஜாஸ்தி உள்ளே போகும். போட்டி நடக்கும் சிதம்பரம் கிளப் ஹாலில் பந்து கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்று பகலிலும் ஜன்னலை எல்லாம் அடைத்துவிடுவார்கள். மேஜைக்கு மேலே தொங்குகிற பல்புகள்தான் வெளிச்சம். 2 இருந்தால் விநாடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கில் எடுக்கலாம், பையனின் முகம் நிற்கும். 5.6 என்றால் பதினைந்தில் ஒரு பங்கு. அதற்குள் அவன் அடித்து முடித்துத் துண்டால் முகம் துடைத்துக்கொள்வான். படத்தில் சட்டை போட்ட புகை ஒன்று நிற்கும்.

பிளாஷ் பல்பு போடேன் என்கிறீர்கள். எதிராளி சர்வீஸ் போடும்போது உங்கள் மகன் கண்ணில் மின்னல் அடித்தால் பந்து எங்கே போகும்? நடுவர் என் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார், அது நியாயமும்கூட.

அக்காவிடம் சொன்னேன். அவள் வேறு மாதிரி. "ஆடுறப்ப எதுக்குடா புடிக்கிற? கோட்டு மாட்டி, கோப்பையக் கையில குடுத்து, ஆடாம நிக்கச் சொல்லிப் புடி. மூஞ்சி நல்லா வுழும்" என்கிறாள். கோப்பை இன்னும் ஜெயிக்கவில்லை என்றேன். "அதுக்கென்ன, கடையில வாங்கிக் குடு" என்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் பிசிக்ஸ் படித்தது வீண்.

ஆகவே கடைசியாகச் சொல்கிறேன். ஜப்பான் முப்பத்தைந்து மில்லிமீட்டர் காமிரா. எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ், எண் 2. அது கிடைக்காவிட்டால் காமிராவோடு வரும் சாதா ஐம்பது லென்ஸே போதும், அதன் எண் பெரும்பாலும் 2-க்கும் கீழேதான் இருக்கும். மேஜைக்குப் பத்தடியில் தரையில் உட்கார்ந்து எடுத்துவிடுவேன்.

ஆனால் உங்களுக்கு அது பிடிக்காது. ஏன் என்றும் எனக்குத் தெரியும். "அவனுக்குத் தெரியாமல் ஹாலின் கடைசியில் நின்று எடு" என்று போன கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். மச்சான், அந்த வெளிச்சத்தில் ஒளிந்துகொண்டு எடுக்க எந்தத் தேசத்து லென்ஸும் உதவாது. கிட்டே போய்த்தான் ஆக வேண்டும். போனால் பார்ப்பான். "யாருக்குப் படம், மாமா?" என்று கேட்பான். உங்களுக்கு என்றால் பேட்டை வைத்துவிட்டுப் போய்விடுவான்.

அவன் மேல் குற்றம் இல்லை. நீங்கள் வருவதாக எழுதியதை நம்பித்தானே போன வருஷம் அவனை மெட்ராஸ் ஹார்பருக்கு அழைத்துப் போனேன்? புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தான். கடைசி ஆள் இறங்கும்வரை கப்பல் ஏணியையே பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் வந்து, "ஒங்க அத்தா குடுத்தாரு" என்று ஒரு பார்சலை நீட்டினார். உள்ளே ஜப்பான் பேட். கடையை விட்டுவர முடியவில்லை என்று ஒரு சீட்டு. அன்றிலிருந்து அவன் உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. அந்தப் பேட்டால் இதுவரை ஒரு பந்து அடிக்கவும் இல்லை.

சனிக்கிழமை.

மேலே எழுதியதைத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். நேற்று சாயங்காலம் கடலூருக்கு ரயிலில் போகும்போது எனக்குப் பொறுமை போய்விட்டது. எதிரே உட்கார்ந்திருந்த அவனிடம் எல்லாவற்றையும் உடைத்துவிட்டேன். உன் அத்தா படம் கேட்கிறார், உனக்குத் தெரியாமல் எடுக்கச் சொல்கிறார், அது நடக்கிற காரியமில்லை, பத்தடியில் உட்கார்ந்து எடுக்கப் போகிறேன், உனக்குச் சம்மதமா இல்லையா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, கூடைக்காரம்மா ஒருத்தி, "புள்ளய ஏம்பா இந்த வெரட்டு வெரட்டுற?" என்றாள்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பரங்கிப்பேட்டை போயிற்று, ஆலப்பாக்கம் போயிற்று. நானும் சரிதான் போ என்று பேப்பரைப் பிரித்தேன். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னான்: "படம்லாம் வாணாம் மாமா. மேட்ச் எந்தத் தேதின்னு மட்டும் அவுருக்கு எழுதிடு."

அவன் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிவிட்டேன்.

டிசம்பர் பதினைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. காமிராவை யார் கையிலும் கொடுத்தனுப்ப வேண்டாம். இந்த முறையும் ஆளுக்குப் பதில் சாமான் வருவதாக இருந்தால் ஹார்பருக்கு நான் போக மாட்டேன், அவனையும் அழைத்துப் போக மாட்டேன். அக்காவிடம் இதைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை. உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அல்லாஹ் கடலை அமைதியாக வைத்து உங்களைக் கரை சேர்க்கட்டும். ஆமீன்.

வஸ்ஸலாம்,
நூர்முகம்மது.