ஏகமனதான தெரிவு

நேற்றுப் பின்னேரம் மகளின் பள்ளிக்கூடத்தில் பாட்டு நிகழ்ச்சி. உடற்பயிற்சிக் கூடத்தில் மடக்குக் கதிரைகள் போட்டிருந்தார்கள். கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறிய மணம் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டது. நிலத்துக்குப் பூசிய மெழுகு, நனைந்த கம்பளிக் கோட்டுகள், கனநேரம் சூடாகவே கிடந்த கோப்பி. பின்னால் வந்தவர்கள் என்னை விலத்திக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வரும் வழியில் கணவர், "பிள்ளை நல்லாப் பாடினவள், என்ன?" என்றார். ஓம் என்றேன். ஒரு வரிகூட என் காதில் விழவில்லை, அண்ணை. நீங்கள் எழுந்து பேசிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் போய்விட்டேன்.

எண்பத்து மூன்று கலவரம் முடிந்து அடுத்த வருடம் நான் இந்தக் குளிர்தேசத்துக்கு வந்தேன். கையில் குழந்தை. கணவர் விசா கிடைக்காமல் மதராசில் ஒரு லொட்ஜில் மாட்டுப்பட்டிருந்தார். அஜின்கோர்ட்டில் உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் ஆள் தேவை என்று எழுதிப் போட்டிருந்ததைப் பார்த்து உள்ளே வந்தேன். யாழ்ப்பாணமா என்று கேட்டீர்கள். நான் ஓம் என்றதும், "பரவாயில்ல, நான் மட்டக்களப்பு. மறுகா சண்டை பிடிக்க இங்க நேரம் கிடைக்காது, புள்ள" என்று சிரித்தீர்கள். வந்து பத்து வருடத்துக்கு மேலாகியும் நாங்கள் 'பிறகு' என்பதற்கு உங்கள் ஊர் சொல்லும் அந்த 'மறுகா' உங்கள் வாயை விட்டுப் போகவில்லை.

கடைச் சுவரில் நீங்களும் வோல்டரும் சேர்ந்து நிற்கும் படம் தொங்கியது. சிம்கோ ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடித்த படம். வோல்டர் நீலக் கட்சியின் தொகுதிக் கிளைக்குத் தலைவர். நீங்கள் துணைத் தலைவர். தேர்தல் வந்தால் இருவரும் ஒரே காரில் போய், ஒரே தெருவில் ஆளுக்கொரு பக்கமாகக் கதவு தட்டுவீர்கள். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் சிவப்புக் கட்சிக்காரர். அந்தக் கட்சிதான் வெளியாட்களை உள்ளே விட்டது என்பது எல்லாருடைய எண்ணமும். நீங்கள் ஏன் நீலத்தில் இருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். வில்லையைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "கவுண்மேந்து என்ட வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்காம இருந்தாக் காணும், புள்ள. ஊரில எட்டிப் பார்த்தது காணாதா?" 

பிறகு கப்பலில் எங்கள் ஆட்கள் வந்து இறங்கினார்கள். ரேடியோவைத் திறந்தால், திருப்பி அனுப்பு, கடலிலேயே மறித்து வை என்று கத்தினார்கள். அகதிச் சட்டத்தை இறுக்கப்போகிறார்கள் என்ற கதையும் வந்தது. இந்த நேரத்தில்தான் உங்கள் தொகுதிக்கு வேட்பாளரைத் தெரிவுசெய்ய வேண்டி வந்தது. கட்சி நடுவால் பிளந்தது.

ஒரு பக்கம் வக்கீல். மென்மையாகப் பேசுவார், கடைக்கு வந்தால் என் கையையும் குலுக்குவார். மற்றப் பக்கம் கார் விற்கிறவர். நாட்டின் கதவு தேவைக்கு மேல் திறந்து கிடக்கிறது என்பது அவருடைய ஒரே பேச்சு. வோல்டர் கார்க்காரர் பக்கம் போனார். நீங்கள் வக்கீல் பக்கம் நின்றீர்கள். வரி குறைய வேண்டும், கடன் குறைய வேண்டும் என்று பத்து வருடம் ஒரே வாயால் பேசிய மனிதர்கள் ஒருவரையொருவர் கள்ளர் என்று சொல்லத் தொடங்கினார்கள். கட்சி அலுவலகத்தின் பூட்டை ஒரு கோஷ்டி மாற்றியது. மற்றக் கோஷ்டி கதவின் கண்ணாடியை உடைத்தது. வக்கீலின் மனைவி குடிக்கிறா என்று ஆரோ வீடு வீடாக ரெலிபோன் எடுத்துச் சொன்னார்கள். ஒரு நாள் காலை கடையைத் திறந்தபோது சுவரில் மீன் பிடித்த படம் இல்லை. நீங்கள்தான் கழற்றினீர்கள் என்று எனக்குத் தெரியும். 

வேட்பாளரைத் தெரிவுசெய்வது கட்சி உறுப்பினர்களின் வாக்கு. உறுப்பினராகச் சேரக் குடியுரிமை தேவையில்லை, தொகுதிக்குள் வசித்தால் காணும் என்பது விதி. எங்கள் ஆட்களைச் சேர்க்க நீங்கள் அஜின்கோர்ட் அடுக்குமாடிகளிலும் மில்லிக்கன் வீடுகளிலும் ஏறி இறங்கினீர்கள். "அவங்கட கட்சிக்கே எங்களைச் சேரச் சொல்லுறியள்?" என்று செல்லத்துரை அங்கிள் கோபித்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர், லேசில் மசியாத மனிதர். "கதவைப் பூட்டுறவன் நிக்கிற அறைக்குள்ளதான் அங்கிள் நாங்களும் நிக்கோணும். வெளியில நிண்டு தட்டினாக் கேக்காது" என்றீர்கள். அங்கிள் சேர்ந்தார். நானும் சேர்ந்தேன். வக்கீல் வென்றால் என் கணவரின் விசயத்தைக் கையில் எடுப்பதாக உங்களிடம் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை நம்பித்தான் கூட்ட நாள் வரைக்கும் நித்திரை கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் வேட்பாளர் தெரிவுக் கூட்டம். வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டியது. வேலை ஷிப்டை மாற்றிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். பெண்கள் சேலைக்கு மேல் கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வந்தார்கள். கூடத்தின் இடது பக்கம் முழுக்க நாங்கள். வலது பக்கத்தில் இருந்தவர்கள் எங்களைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

வாக்கெடுப்புத் தொடங்கு முன்னரே கார்க்காரரின் ஆள் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். அண்மையில் சேர்ந்தவர்களைத் தள்ளிவைக்க வேண்டும், இவர்களுக்கு வேட்பாளரின் பெயரே தெரியாது என்றார். வக்கீலின் ஆட்கள், தள்ளினால் வழக்குப் போடுவோம் என்று எழும்பினார்கள். ஒருவர் மற்றவரின் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்தார். வோல்டர் கூட்டத்தை இடைநிறுத்திவிட்டு இரண்டு வேட்பாளர்களையும் பக்கத்து அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். பிறகு உங்களையும் கூப்பிட்டார்கள்.

நீங்கள் திரும்பி வந்தபோது உங்கள் முகத்தைப் பார்த்து, ஆரோ செத்துப்போனார்கள் என்றுதான் நினைத்தேன். பின்னால் வந்த வோல்டர் உங்கள் தோளில் கை போட்டு ஒலிவாங்கிக்குக் கூட்டிப் போனார். "எங்கள் நண்பர் தன்னுடைய ஆட்களுக்கு அவர்களின் மொழியில் நிலைமையை விளக்குவார்" என்று ஆங்கிலத்தில் அறிவித்தார்.

நீங்கள் தமிழில் பேசினீர்கள். சத்தம் போடவில்லை.

"கேளுங்க. இவங்க என்னை ஒரு விசயம் சொல்லச் சொல்லி விட்டிருக்காங்க. அதை அப்படியே சொல்றன். கூட்டவும் மாட்டன், ஒளிக்கவும் மாட்டன். கார்க்காரர் விலகிறாராம், வக்கீல் போட்டியில்லாம வேட்பாளர் ஆகிறாராம். அதுக்கு நீங்க எல்லாரும் இப்ப எழும்பி வீட்ட போகோணுமாம். பேப்பர்க்காரன் படமெடுக்கேக்க நீங்க இருந்தா வடிவில்லையாம். வக்கீல் அதுக்கு ஓம் எண்டிட்டார். கப்பல்ல வாற ஆக்களத் திருப்பி அனுப்புற சட்டத்துக்கும் ஓம் எண்டிட்டார். இவ்வளவும் அவங்கட சொல்லு. மறுகா என்ட சொல்லு. உங்கட கையில கட்சிக் கார்ட் இரிக்கு. நான் உங்களோட வந்து இரிக்கப் போறன்."

வோல்டருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவர் கைதட்டினார். வலது பக்கமும் சேர்ந்து தட்டியது. "நன்றி, நண்பரே" என்றார். நாங்கள் எழும்பிப் போவதற்காக எல்லாரும் காத்திருந்தார்கள்.

ஆரும் எழும்பவில்லை. செல்லத்துரை அங்கிள் மட்டும் பாதி எழும்பி, "அப்ப நாங்கள் இருக்கலாமோ?" என்று உரக்கக் கேட்டார்.

"இரிக்கலாம் அங்கிள்" என்று சொல்லிக்கொண்டே நீங்கள் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தீர்கள். 

வோல்டர் கடுதாசியை எடுத்து வாசித்தார். வக்கீலை வேட்பாளராக ஏற்பவர்கள் கை உயர்த்தலாம் என்றார். வலது பக்கம் உயர்ந்தது. எதிர்ப்பவர்கள் என்றார். நீங்கள் கை உயர்த்தினீர்கள். நான் உயர்த்தினேன். அங்கிள் இரண்டு கையையும் உயர்த்தினார். இடது பக்கத்தில் உயராத கை இல்லை. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் பிள்ளையை மடியில் கிடத்திவிட்டுக் கையைத் தூக்கினாள். வோல்டர் எங்களை நேரே பார்த்தார். பிறகு கடுதாசியைப் பார்த்து, "ஏகமனதாக நிறைவேறியது" என்றார்.

வக்கீல் மேடையில் நின்று வலது பக்கத்துக்கு மட்டும் கையசைத்தார்.

தேர்தலில் அவர் தோற்றார். கார்க்காரரின் ஆட்கள் அவருக்காக ஒரு கதவும் தட்டவில்லை, நாங்கள் எட்டியும் பார்க்கவில்லை. இரண்டு கோஷ்டியும் கடைசியில் ஒரு விசயத்தில் ஒற்றுமைப்பட்டது. எல்லாவற்றுக்கும் காரணம் நீங்கள் என்றது. உங்களைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். பழைய வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போனார்கள். எங்கள் ஆட்களாவது உங்களைத் தாங்கினார்களா? "எங்களைக் கூட்டிக்கொண்டு போய் வெள்ளைக்காரனுக்கு முன்னால அவமானப்படுத்திப்போட்டான்" என்று மரக்கறிக் கடையில் என் காதுபடவே சொன்னார்கள். அன்றைக்குக் கை உயர்த்தியவர்கள்தான் சொன்னார்கள். நீங்கள் பதில் சொல்ல ஒருவரிடமும் போகவில்லை. ஆள் வராத கடையில் வில்லைகளைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பனிக்காலம் முடியவில்லை, ஒரு மத்தியானம் கதிரையில் இருந்தபடியே உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. நான் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தேன்.

செத்தவீட்டுக்கு வக்கீல் மலர்வளையம் அனுப்பியிருந்தார். நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவி அதை எடுத்துக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே பனியில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உங்கள் தலைமாட்டில் இருந்தா. அழுதபடி நின்ற ஒருவரும் அவவை மறிக்கவில்லை.

வோல்டர் தனியாக வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார். போகும்போது என்னிடம் வந்தார்.

"அன்றைக்கு அவன் மைக்கில் என்ன சொன்னான்?" என்று கேட்டார். "பத்து மாதமாக யோசிக்கிறேன். என்னைத் திட்டினானா?"

உங்கள் சொற்களை ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் ஒளிக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கேட்டு முடித்தார்.

"திட்டவில்லை?"

"இல்லை. நீங்கள் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னார்."

அவர் தொப்பியை இரண்டு கையாலும் சுருட்டினார்.   கார் தரிப்பிடத்தில், இயந்திரத்தைப் போடாமல், எல்லாரும் போன பிறகும் காருக்குள் இருந்தார்.

கணவர் போன கோடையில் வந்து சேர்ந்தார், அண்ணை. ஒருவரும் கையில் எடுக்கவில்லை, வரிசையில் நின்றுதான் வந்தார். உங்களைப் பற்றி முதல் நாளே சொன்னேன். "அந்த மனிசனை ஒருக்காக் கண்டிருக்கலாம்" என்றார்.

கடையை அக்கா விற்றபின் நான் மொழிபெயர்க்கும் வேலைக்குப் போகிறேன். அகதிக் கோரிக்கைகளை விசாரிக்கும் அறைகளில் எங்கள் ஆட்களுக்கும் அதிகாரிக்கும் நடுவில் இருக்கிறேன். போன கிழமை ஒரு அதிகாரி, தகப்பனை இழந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்து, இவர்கள் எல்லாருக்கும் ஒரே கதைதான் என்று முணுமுணுத்தார். பிறகு என்னிடம் திரும்பி, "அதை மொழிபெயர்க்க வேண்டாம்" என்றார். நான் ஒளிக்கவில்லை, அண்ணை. அதையும் மொழிபெயர்த்தேன், வேண்டாம் என்று அவர் சொன்னதையும் சேர்த்து.

அந்த மனிதர் தலையைக் குனிந்து கேட்டார். பிறகு நிமிர்ந்தார். "அப்ப நான் முதலில இருந்து சொல்லுறன், தங்கச்சி" என்றார். முதலிலிருந்து சொன்னார்.