பவளக் கல்லில் பதினேழு வரிகள்

6 நவம்பர் 1983, ஞாயிறு. போடி.

ஏலத்தோட்டத்து மருந்தில் துருசோடு கலக்கச் சுண்ணாம்பு வேண்டும் என்று ராஜாராம் அண்ணன் காளவாசலுக்குக் கிளம்பினான். தீபாவளி லீவில் சும்மாதானே இருக்கிறோம் என்று நானும் தொற்றிக்கொண்டேன். போனது எவ்வளவு நல்லதாயிற்று! சுடக் குவித்திருந்த கல்லெல்லாம் பவளப் பாறை! ராமேஸ்வரம் கரையிலிருந்து லாரியில் வருகிறதாம். நான் புத்தகத்தில் பார்த்து ஏங்கியது, எங்கள் ஊர்ப் புழுதியில் கிடக்கிறது.

காளவாசல்காரர் மொக்கச்சாமி சிரித்தார். "வேணுங்கிறதத் தூக்கிக்க ஆத்தா. நாளைக்கு அம்புட்டும் தீக்குள்ள போயிரும்."

ஆட்டுக்கல் பருமனில் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

7 நவம்பர்

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர் லீவுக்கு முன்னால் சொன்னதை எழுதிவைக்கிறேன், மறக்கக்கூடாது. பவளம் வருஷா வருஷம் தன்மேலேயே சுண்ணாம்பு ஏற்றி வளர்கிறது. எக்ஸ்ரேயில் பார்த்தால் வெளுப்பும் கறுப்புமாக ஒரு ஜோடி வரி, ஒரு வருஷம். கடல் நன்றாயிருந்தால் வரி அகலம், கெட்டால் ஒடுக்கம். வெளிநாட்டுக் கடல்களில் நிரூபித்துவிட்டார்கள். "நம்ம கடலில் அது வருஷக் கணக்குதான் என்று மாதக் கடைசிக்குள் காட்டு. இல்லையென்றால் இறால் ஆராய்ச்சிக்கு மாறிவிடு."

இறாலா? என்னால் முடியாது. எனக்கு இதுதான் வேண்டும்.

அண்ணனும் நானும் நாள் முழுக்க ரம்பத்தால் அறுத்தோம். நடுவிலிருந்து பலகை மாதிரி ஒரு வில்லை வந்தது. கை இரண்டும் கொப்புளம்.

9 நவம்பர்

கல்லை எக்ஸ்ரே எடுக்க ஆஸ்பத்திரி டாக்டர் அனுமதித்துவிட்டார். எக்ஸ்ரே எடுக்கும் முனியசாமி அண்ணனுக்குத்தான் ரிஜிஸ்தர் பிரச்சினை.

"நோயாளி பேரு?"

"பவளம்னு போடுங்கண்ணே."

"வயசு?"

"அதக் கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கேன்."

மனுஷர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஈரம் சொட்டச் சொட்டப் படத்தைத் தூக்கிப் பிடித்தார். வரிகள்! வெளுப்பு, கறுப்பு, வெளுப்பு, கறுப்பு. நான் கத்திவிட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று எழுந்து நின்றார்கள்.

10 நவம்பர்

நடுவில் ஓரிடத்தில் வளர்ச்சி அறுந்து, மண் படிந்த கோடு ஒன்று இருக்கிறது. கல்லிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. அறுபத்துநாலு டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயலாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் அந்தக் கோட்டிலிருந்து வெளி ஓரம்வரை பத்தொன்பது ஜோடி வர வேண்டும்.

பதினேழுதான் வருகிறது.

11 நவம்பர்

ஏழு தடவை எண்ணினேன். பதினேழு. அப்போ வரி வருஷக் கணக்கு இல்லையா? இல்லே, அந்தக் கோடு புயலே இல்லையா? ரெண்டு வருஷம் எங்கேதான் போச்சு? சோறு இறங்கவில்லை. "கல்லுக்கா இந்தப் பாடு?" என்கிறான் அண்ணன். அவன் மண்டையில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

14 நவம்பர்

அவசரமாக எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் கோணட்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கல் எடுக்கப் போனேன். வேலியோரக் குவியலில் கை வைத்ததும் மொக்கச்சாமி அண்ணன் சத்தம் போட்டார். "அதத் தொடாத ஆத்தா, பச்சக் கல்லு! ரெண்டு மழக்காலம் நனையணும். உப்பு எறங்காமச் சுட்டா, சுண்ணாம்பு சுவத்துல நிக்காது."

"அப்ப நான் கொண்டுபோன கல்லு எப்ப வந்ததுண்ணே?"

"அதுவா? எம்மக சடங்குக்கு மொத வாரம் வந்த லோடு. எண்பத்தொண்ணு கார்த்திகை."

எண்பத்தொன்று! கல்லை வெட்டியே இரண்டு வருஷமாகிறது. நான் மண்டு, இன்று நேற்று கடலிலிருந்து வந்ததாக நினைத்து எண்ணியிருக்கிறேன். எண்பத்தொன்றிலிருந்து பதினேழைக் கழித்தால் அறுபத்துநாலு. அறுபத்துநாலேதான்! நடுத்தெருவில் குதித்தேன். குதித்ததற்கு வெட்கமே இல்லை.

17 நவம்பர்

ஒவ்வொரு வரியையும் அளந்தேன். எழுபத்துமூன்றாம் வருஷ வரிவரை பதினோரு மில்லிமீட்டருக்குக் குறையவில்லை. பிறகு ஒன்பது, எட்டு. கடைசி மூன்றும் ஆறுகூட இல்லை. வெட்டுவதற்கு முன்னாலேயே இதற்கு ஏதோ ஆகியிருக்கிறது. சேறா, சூடா, பக்கத்துப் பாறைகளை வெட்டியதாலா? தெரியாது. ஒரு கல்லை வைத்துச் சொல்லவும் கூடாது. ஆனால் கேட்கலாம், இப்போது கேட்க வழியிருக்கிறது!

சாயங்காலம் மொக்கச்சாமி அண்ணன் எக்ஸ்ரே படத்தைப் பார்க்க வந்தார். விரலால் வரிகளை ஒவ்வொன்றாகத் தடவினார். "அப்ப நான் இதுவரைக்கும் சுட்டதுல எத்தன வருசம் போச்சு?" என்றார். காப்பி கொடுத்தேன்.

28 நவம்பர்

படத்தையும் கணக்கையும் அனுப்பியிருந்தேன்; இன்று பேராசிரியர் கடிதம். ஒப்புக்கொண்டுவிட்டார்! ஒரு கல் போதாது, தேதி தெரிந்த கற்கள் இன்னும் வேண்டும் என்கிறார்.

4 டிசம்பர்

மொக்கச்சாமி அண்ணன் பதினான்கு பெரிய கற்களை ஒதுக்கி, ஒவ்வொன்றிலும் லோடு வந்த மாதத்தைத் தாரால் எழுதி வைத்திருந்தார். காசு பேச்சே எடுக்கவில்லை. கல் இறக்க வந்த லாரியிலேயே ஏற்றி, பேராசிரியரிடம் கொண்டுபோகச் சொன்னார்.

"இத்தன வருசத்துல இங்கருந்து கல்லு ஏத்திட்டுப் போனதே இல்லண்ணே" என்றார் டிரைவர்.

"இனிமே போகும். பாத்து மெதுவாப் போ, ஒண்ணும் ஒடையக் கூடாது" என்றார் அவர். நான் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.